ஒரு நீல யூனிஃபார்ம், மீட்கப்பட்டது

5

போலீஸ் தலைமை அலுவலகத்தின் தரைத்தளத்தில் ஒரு கண்ணாடி அறை. வாசலில் 'மக்கள் தகவல் மையம்' என்று பித்தளைப் பலகை. உள்ளே தொடுதிரை ஒன்று, நாற்காலி இரண்டு, பிளாஸ்டிக் செடி ஒன்று. மக்கள்தான் இல்லை.

செடியின் உச்சியில் ஒரு போலீஸ் தொப்பி மாட்டியிருந்தது. தொப்பிக்குச் சொந்தக்காரரான இன்ஸ்பெக்டர், ஈரத் துணியால் செடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். குற்றவாளியைப் பிடிக்கும் வேலையிலிருந்து புள்ளிவிவரம் போடும் வேலைக்கு அவரை மாற்றி வெகுநாளாகிறது. உடம்பில் ஒரு சுற்றுச் சதை கூடியதைத் தவிர அவருக்கு இதில் குறை எதுவும் இல்லை.

"வாங்க, வாங்க. தகவல் பார்க்கவா வந்தீங்க?" அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தால், இந்த அறைக்கு இதற்குமுன் வந்தவர்கள் எல்லாம் கழிப்பறைக்கு வழி கேட்டு வந்தவர்கள் என்று தோன்றியது.

"ஆமா சார்," என்றான் ரேடியோ. "கழிப்பறை எங்கேன்னு அப்புறமா கேட்டுக்கறேன்."

ரேடியோ, வக்கீலம்மாவின் உதவியாளன். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வாய் ஓயாததால் அது வழக்கொழிந்துவிட்டது. தூக்கத்தில்கூட ஸ்டேஷன் மாறுமே தவிர ஒலிபரப்பு நிற்காது என்பது அவன் மனைவியின் வாக்குமூலம்.

வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். ஏன் என்று கேட்டால், "கோர்ட்ல ஒரு பதில் வாங்க வருஷக்கணக்கா வாய்தா. இங்க கேட்ட உடனே பொய்யாவது கிடைக்குது," என்பார். ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை மூக்கில் போட்டதைவிடக் கையில் வைத்துச் சுழற்றியதே அதிகம்.

அவர்களுக்குப் பின்னால், ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள் தையல்காரி. அவளுடைய தங்கச்சிதான் காணாமல் போனவள். பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேஜை வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் கூட்டிப்போனான். போன கையோடு அவளுடைய போன் அணைந்தது. அதன்பிறகு, யாருடைய போனிலிருந்தோ ஒரே ஒரு தரம் பேசினாள். 'எப்பப் பாத்தாலும் ஈரம்க்கா, கையில தோலு உரியுது' என்றவள், மேற்கொண்டு ஏதோ சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

மாடியில் காணாமல் போனவர்கள் பிரிவுக்குப் போய்விட்டுத்தான் இங்கே இறங்கி வந்திருந்தார்கள். 'வயசு வந்த பொண்ணு, இஷ்டப்பட்டுத்தான் போயிருக்கும்' என்று அங்கே அனுப்பி வைத்துவிட்டார்கள். அதைச் சொன்ன மனிதர் தையல்காரியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கண்ணாடி அறையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'ஆள்கடத்தல் வழக்குகள்: 0.' அதற்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட் விரித்து, நடுவில் இடம் காலியாக விட்டிருந்தது.

"நாளைக்கு விருதுக் கமிட்டி வருது," என்றார் இன்ஸ்பெக்டர் பெருமையாக. "ஆள்கடத்தல் இல்லாத மாவட்டம்னு கேடயம் குடுக்கறாங்க. அதோட, எல்லாத் தகவலையும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வெச்சிருக்கோம்னு ஒரு பாராட்டுப் பத்திரம். ஒளிவு மறைவே கிடையாது."

"எல்லாத் தகவலும்னா?" என்றார் வக்கீலம்மா.

"பூஜ்யம்."

"அதுக்கு எதுக்கு சார் இவ்வளவு பெரிய திரை?" என்றான் ரேடியோ. "ஒரு முட்டை படம் வரைஞ்சு மாட்டியிருக்கலாமே."

இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பேச ஆள் கிடைத்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. "வழக்கு இருந்தாலும் எங்க நடந்துச்சு, யாரு மாட்டினாங்கன்னு போட மாட்டோம் தம்பி. பாதிக்கப்பட்டவங்க மானம் முக்கியம் இல்லையா."

"பாதிக்கப்பட்டவங்களே இல்லைங்கறீங்களே?"

"இருந்தா, அவங்க மானம் முக்கியம்."

வக்கீலம்மா கண்ணாடியைச் சுழற்றுவதை நிறுத்தி மூக்கில் மாட்டினார். அது நடந்தால் வீட்டுக்குப் போக நேரமாகும் என்பது ரேடியோவின் அனுபவம்.

"திருட்டு வழக்குகளையும் இதுல பாக்கலாமா சார்?"

"திருட்டா?" இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "அதுல விவரத்துக்குப் பஞ்சமே இல்ல மேடம். சைக்கிளோட கலர், பூட்டோட சைஸ், எந்தத் தெரு, பொருள் கிடைச்சுதா இல்லையா, எல்லாம் உண்டு. சைக்கிளுக்கு மானம் போகாது பாருங்க."

"மேடம்," ரேடியோ அவர் காதருகே குனிந்தான். "நாம தேடறது ஒரு பொண்ணை. சைக்கிள் இல்ல."

"தெரியும். நீ கொஞ்சம் தள்ளி நில்லு, திரையில உன் நிழல் விழுது."

அவர் 'திருட்டு' என்பதைத் தொட்டார். அதற்குள் 'வேலை செய்யும் இடத்தில் திருட்டு.' திரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வரிசையாகக் கொட்டத் தொடங்கியது. கடையில் தராசு, கிடங்கில் கம்பிச் சுருள், யாருடைய அலுவலகத்திலோ நாற்காலி. வக்கீலம்மாவின் விரல் மேலே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

புகார் கொடுத்தவர்: பின் ஆலைத் தெரு லாண்டரி. காணாமல் போன பொருள்: நீல யூனிஃபார்ம் ஒன்று, ரப்பர் செருப்பு ஒரு ஜோடி.

கொஞ்சம் கீழே அதே லாண்டரி, அதே நீல யூனிஃபார்ம், அதே செருப்பு. இன்னும் கீழே மறுபடியும் அதுவே.

"ஊர்ல எவனாவது நீலக் கலர்ல சர்க்கஸ் ஆரம்பிச்சிருக்கானா?" என்றான் ரேடியோ.

"லாண்டரிக்குள்ள என்னெல்லாம் இருக்கும்?"

"ஹோட்டல் போர்வை, மெத்தை விரிப்பு, பணக்காரன் வீட்டுத் திரைச்சீலை. மூட்டை மூட்டையா கிடக்கும்."

"அத்தனையும் விட்டுட்டு ஒரு திருடி பழைய யூனிஃபார்ம் ஒண்ணையும் ஒரு ஜோடிச் செருப்பையும் மட்டும் எடுத்துட்டுப் போறா. ஏன்?"

"அளவு சரியா இருந்திருக்கும்," என்றான் ரேடியோ, வழக்கம்போல.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னதை ரேடியோ இன்னொரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தான்.

"போட்டுட்டே ஓடியிருக்கா," என்றான் மெதுவாக.

"சொந்தத் துணியை வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே லாண்டரிக்காரன் பிடுங்கி வெச்சிருப்பான். வெளிய வந்தா உடம்புல இருக்கறது அவன் குடுத்த யூனிஃபார்ம் மட்டும்தான். அடைச்சு வெச்ச ஆள் ஓடிட்டான்னு அவன் போலீஸுக்கு வர முடியுமா? ஏன்யா அடைச்சேன்னு கேப்பாங்க. 'என் பொருளைத் திருடிட்டு ஓடிட்டா'ன்னு வந்தா உட்கார வெச்சுத் தண்ணி குடுப்பாங்க."

தையல்காரி முன்னால் வந்தாள். "லாண்டரின்னா... எப்பவும் ஈரம்னு சொன்னாளே மேடம்."

"அதைக் கேட்டதுலருந்துதான் தண்ணி புழங்கற இடமா மனசுல தேடிட்டிருந்தேன்மா. மீன் பதப்படுத்தற இடமோன்னுகூட நினைச்சேன்."

ரேடியோ திரையின் கடைசிக் கட்டத்தை விரலால் காட்டினான். ஒவ்வொரு வரியிலும் ஒரே வாசகம்: 'பொருள் மீட்கப்பட்டது. உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.' "என் சைக்கிள் போனப்ப, கிடைச்சதும் சொல்றோம்னாங்க. இன்னும் காத்திட்டிருக்கேன். யூனிஃபார்மை மட்டும் அன்னன்னிக்கே பிடிச்சிருக்காங்க. அவ்வளவு சாமர்த்தியமா சார் நம்ம ஆளுங்க?"

"யூனிஃபார்ம் தானா நடந்து வந்து ஸ்டேஷன்ல உட்காராது," என்றார் வக்கீலம்மா. "அதை மீட்டாங்கன்னா அதுக்குள்ள இருந்த ஆளையும் பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். உரிமையாளர்கிட்ட ஒப்படைச்சாங்களே, யூனிஃபார்மை மட்டுமா ஒப்படைச்சாங்க?"

இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த ஈரத் துணி தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சங்கடத்தோடு சொன்னார்: "வர்ற விவரத்தை டைப் அடிக்கறது நான்தான் மேடம். யூனிஃபார்ம்னு வந்துச்சு. யூனிஃபார்ம்னு அடிச்சேன்."

வக்கீலம்மா திரையின் மேல்முனைக்குப் போனார். கடைசியாக ஏறிய வரி இன்றைய தேதியில் இருந்தது. நீல யூனிஃபார்ம் ஒன்று, ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. 'மீட்கப்பட்டது. ஒப்படைப்பு: இன்று பகல்.'

தையல்காரி அந்த வரிமேல் விரலை வைத்தாள். "அது என் தங்கச்சியா மேடம்?"

"தெரியலம்மா. யாரோ ஒருத்தரோட தங்கச்சி. மீட்ட பொருளையெல்லாம் எங்க சார் வைப்பீங்க?"

இன்ஸ்பெக்டர் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார். பூஜ்யம் எழுதியிருந்த அதே சுவருக்கு அந்தப் பக்கம்.

*

நடைபாதை முழுக்கப் பெயின்ட் வாடை. லாக்கப்பின் கம்பிகளுக்கு இரண்டு பேர் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். குற்றம் குறைந்த மாவட்டத்தில் லாக்கப் காலியாகத் தெரிய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அடுத்த கதவு, மீட்ட பொருட்களின் அறை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெண் காவலர் எழுந்து நின்றார்.

"இன்னிக்கு வந்த நீல யூனிஃபார்மைக் கொஞ்சம் பாக்கணும்," என்றார் வக்கீலம்மா.

பெண் காவலர் தயங்கினார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், அவர் தலையை ஆட்டினார். "பாக்கலாம் மேடம். ஆனா தனியா எடுத்துக் காட்ட முடியாது. அந்தப் பொண்ணுக்கு மாத்துத் துணி இல்ல."

கதவு திறந்தது. சக்கரம் இல்லாத சைக்கிள்கள், தையல் மெஷின் ஒன்று, பெயர் எழுதிய குக்கர்கள். இவற்றுக்கு நடுவே ஒரு மரப்பெட்டிமேல் நீல யூனிஃபார்மில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எல்லாப் பொருளிலும் தொங்கியதுபோல அவள் காலர் பொத்தானிலும் நூல் கட்டிய அட்டைச் சீட்டு ஒன்று தொங்கியது. லாக்கப்பில் பெயின்ட் காயவில்லை, அதனால் இங்கே. பொருள் அறைக்குள் எது வந்தாலும் சீட்டுக் கட்டுவது வழக்கம், அதனால் சீட்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதுதான் ரேடியோவுக்குத் தாங்கவில்லை. வாய் திறந்தவன் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான்.

தையல்காரி ஓடிப்போய் அவள் முகத்தை நிமிர்த்தினாள். பார்த்தாள். கை மெல்லக் கீழே இறங்கியது.

"இவ இல்ல," என்றாள். "இது என் தங்கச்சி இல்ல."

அந்தப் பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம் இன்னும் ஈரமாகவே இருந்தது. தையல்காரி மார்போடு அணைத்திருந்த பையைத் திறந்து, மடிப்புக் கலையாத புது உடுப்பு ஒன்றை வெளியே எடுத்தாள். மஞ்சள் துணி, கழுத்தில் சின்னதாக எம்ப்ராய்டரி. தங்கச்சி கிடைத்தால் போட்டுக் கூட்டிப் போகலாமென்று தைத்து எடுத்து வந்தது.

"இதைப் போட்டுக்கம்மா. ஈரத்தோட உட்காராதே."

ஆண்கள் வெளியே நின்றார்கள். கதவு மறுபடி திறந்தபோது மஞ்சள் உடுப்பு அந்தப் பெண்ணுக்குத் தோளில் தொளதொளவென்று, கை நீளமாக இருந்தது. அவள் கழுத்திலிருந்த எம்ப்ராய்டரியைத் தடவிக்கொண்டே தையல்காரியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீங்கதான் தையல்காரக்காவா?"

தையல்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள ஒரு அக்கா இருக்கு. 'எங்கக்கா தைக்கறவ, நூலு விடாம தேடிட்டு வருவா'ன்னு எப்பவும் சொல்லும். என்னை ஜன்னல் வழியா தூக்கி விட்டதே அதுதான். கம்பி வளைஞ்ச இடம் சின்னது. என் உடம்புதான் நுழைஞ்சுது."

தையல்காரி அந்தப் பெண்ணின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். வக்கீலம்மா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க சார்."

"முடியாதே மேடம். ஒரு கட்டடத்துக்குள்ள புகுந்து சோதனை போடணும்னா ஆள்கடத்தல்னு வழக்கு இருக்கணும். நம்மகிட்ட பூஜ்யம்தான் இருக்கு."

அந்த நேரம் பார்த்து நடைபாதையில் சென்ட் வாடையோடு ஒருவன் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை. லாண்டரி மேனேஜர். போலீஸ் இடம் என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை, தபால் ஆபீசுக்கு வந்தவனைப்போல வந்தான். பெண் காவலரைப் பார்த்து, "நம்ம ஐட்டம் ரெடியா?" என்று கேட்டான்.

வக்கீலம்மா நீல யூனிஃபார்மை அழகாக மடித்து, மேலே செருப்பை வைத்து நீட்டினார். "இந்தாங்க. சரி பாத்து வாங்கிக்கங்க."

அவன் வாங்கவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தான். மஞ்சள் உடுப்பில் நின்றவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "ஆளு எங்க?"

"புகார்ல ஆளைப் பத்தி ஒண்ணும் காணோமே. யூனிஃபார்ம் ஒண்ணு, செருப்பு ஒரு ஜோடி. ரெண்டும் இருக்கு."

"யாரும்மா நீங்க? வழக்கமா ரெண்டையும் சேர்த்துத்தானே குடுப்பாங்க. அந்தப் பொண்ணு நம்முது. ஏஜென்ட்கிட்டருந்து நான் எடுத்தது."

சொன்னது தப்பு என்று அவனுக்குத் தெரியவே இல்லை. பெண் காவலரின் முகம் வெளிறிப்போயிற்று. இதற்கு முன் சேர்த்துக் கொடுத்தது அவர்தான்.

"இன்ஸ்பெக்டர் சார்," என்றார் வக்கீலம்மா, ரொம்பவும் மரியாதையாக. "இவர் தன்னோட பொருள்ல ஒரு பொண்ணையும் சேர்க்கச் சொல்றார். இதை எந்தத் தலைப்புல சார் டைப் அடிப்பீங்க?"

இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. "நாளைக்குக் கேடயம் வருது மேடம்..."

"வரட்டும். நானும் வரேன். கமிட்டி முன்னாடி உங்க திரையில திருட்டைத் தொட்டு, நீல யூனிஃபார்மைத் தேடிக் காட்டறேன். பொதுமக்கள் பார்வைக்குத்தானே வெச்சிருக்கீங்க? நானும் பொதுமக்கள்தான்."

அது மிரட்டல்தான், அது வேலையும் செய்திருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் மஞ்சள் உடுப்பில் நின்ற பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னை மாதிரி முன்னாடி ஓடி வந்தவங்க... மறுபடி அங்கேதான் இருக்காங்களா?"

"ஆமா சார். திரும்பி வந்தவங்களுக்கு அடி ஜாஸ்தி."

'ஒப்படைக்கப்பட்டது' என்று டைப் அடித்த விரல்களை அவர் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று கண்ணாடி அறைக்குப் போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். மேனேஜரும் வரப் பார்த்தான். பெண் காவலர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பொருள் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். தரையில் கிடந்த அட்டைச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்த ரேடியோ, "மேடம், இதை அவனுக்குக் கட்டிடவா? வழக்கத்தை மாத்தக் கூடாதில்ல," என்று கேட்டான். காவலர் மறுப்புச் சொல்லவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் அந்தப் பெண் சொல்லச் சொல்ல டைப் அடித்தார். தலைப்பு: ஆள்கடத்தல். எண்ணிக்கை: 1. உடனே மெஷின் ஒரு கேள்வி கேட்டது: 'சென்ற ஆண்டைவிட எத்தனை சதவீதம் அதிகம்?' பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குச் சதவீதம் போட அதற்குத் தெரியவில்லை. சக்கரம் சுற்றிச் சுற்றித் திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

"பழகாத எண்ணு, பாவம்," என்றான் ரேடியோ. அவனுக்குப் பேச்சு திரும்பியிருந்தது.

இன்ஸ்பெக்டர் செடியின் உச்சியிலிருந்து தொப்பியை எடுத்தார். தூசி தட்டித் தலையில் வைத்தார். தலை கொஞ்சம் பெருத்திருக்க வேண்டும், தொப்பி சரியாக உட்காரவில்லை. "ஜீப்பை எடுங்கய்யா," என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.

*

கமிட்டிக்காகக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்த ஜீப் அது. பின் ஆலைத் தெருவின் சோப்புத் தண்ணீரில் டயர் வரை நனைந்து நின்றது. லாண்டரியின் பின்கதவுப் பூட்டை உடைக்க இன்ஸ்பெக்டர் மூன்று பேரை ஏவிவிட்டு, கடைசியில் பொறுமையிழந்து தானே கடப்பாரையை வாங்கினார்.

உள்ளேயிருந்து நீல யூனிஃபார்ம்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தையல்காரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசிக்கு முந்தைய முகத்தில் அவள் பார்வை நின்றது.

இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. கட்டிக்கொண்டார்கள். பழக்க தோஷம், தையல்காரியின் விரல்கள் தங்கச்சியின் இடுப்பைச் சுற்றி அளவெடுத்தன.

"இளைச்சுட்டே," என்றாள். "என்கிட்ட இருக்கற அளவெல்லாம் இனி ஆகாது."

"புதுசா எடுத்துக்க."

"உனக்குன்னு ஒண்ணு தச்சு எடுத்துட்டு வந்தேன்டீ, மஞ்சள்ல. வழியில வேற ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன்."

ஜீப்பின் முன்சீட்டில் மஞ்சள் உடுப்போடு உட்கார்ந்திருந்தவளைத் தங்கச்சி பார்த்தாள். தோல் உரிந்த கையைத் தூக்கி ஆட்டினாள்.

"தெரியும்க்கா," என்றாள். "அவளை நான்தானே உன்கிட்ட அனுப்பினேன்."